எட்டுப் பை சருகு

நேற்றுக் காலை மாடித் தொட்டிகளுக்கென்று என் மகள் ஆன்லைனில் வாங்கிய இலைமக்கு உரப் பை வந்து சேர்ந்தது. கத்தரிக்கோலால் அதன் வாயை வெட்டினேனோ இல்லையோ, குப்பென்று ஒரு வாசனை. மழை பெய்து நாலு நாள் ஆன மலைக்காட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் மூக்கில் ஏறுமே, அதே வாசனை. பையை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தேன் பார், அடக்கவே முடியவில்லை. "குப்பைய மோந்து பாத்து சிரிக்கிறியேம்மா, நல்லாத்தான இருக்கே?" என்று மகள் கேட்டாள். அவளுக்கு எங்கே தெரியப்போகிறது? நீ கண்ணை மூடி இரண்டு வருஷம் ஆகிறது. இருந்தாலும் இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடமடி சொல்வேன்?

தட்டாஞ்சாவடி மண் பரிசோதனைக் கூடத்தில் நாம் இருவரும் ஒன்றாக வேலை பார்த்த காலம் அது. நீ உப்பளத்து சொல்தா வீட்டுப் பெண். பட்டாளத்துக்காரராக இருந்த அப்பாவுக்குப் பிரெஞ்சு ராணுவ பென்ஷன், தம்பிகள் எல்லாம் பாரீஸ் பக்கம். "நீ ஏண்டி போகல?" என்று கேட்டால், "எல்லாரும் அங்க போயிட்டா இங்க இருக்கற கல்லை யாரு பாக்கறது?" என்பாய். மலை மலையாக ஏறிக் குழி தோண்டி மண் பார்ப்பது உன் வேலை. நான் பாகூர்க்காரி. எங்கள் வயலில் மண்வெட்டியைப் போட்டால் காம்பு வரைக்கும் இறங்கும். கூடத்தில் மேஜையை விட்டு நகராமல், வந்த மண்ணை எடை போட்டுச் சோதித்துக்கொண்டிருந்தேன். உன்னோடு வழக்கமாக வருகிறவருக்கு உடம்பு சரியில்லாமல் போகவே, கல்வராயன் மலைக்கு என்னை அனுப்பினார்கள். எனக்கு அதுதான் முதல் மலை.

ஒரு கம்பெனி அங்கே சரிவு முழுக்க மரம் நடப்போவதாக இருந்தது. மண் ஒரு முழம் ஆழம் இருந்தால் பொக்லைன் வைத்துக் குழி எடுப்பார்கள், இல்லையென்றால் சரிவைத் தொடமாட்டார்கள். அந்த ஆழத்தை அளந்து சொல்வதுதான் நம் வேலை. ஏறும்போதே நீ பாடம் நடத்திக்கொண்டு வந்தாய். "இங்க மண்ணுன்றது தோசைக்கல்லுல இழுத்து விட்ட மாவு மாதிரிடி. மெலிசு. அதுலயும் பாதி கல்லு. மேல சருகு மூடியிருக்கற வரைக்கும்தான் அது நிக்கும். சருகை வழிச்சிட்டே, அடுத்த மழைக்கு அடிவாரத்துல போய்த்தான் தேடணும்." என் காதில் விழத்தான் செய்தது. மூச்சு வாங்கியதில் மூளை வரைக்கும் போகவில்லை.

மேல் சரிவை நீ எடுத்துக்கொண்டாய், கீழே எட்டுக் குழி என் பொறுப்பு. குழிக்கு ஒரு பையாக மேல்மண் எடுத்துக்கொண்டு எட்டையும் அளந்தேன், எட்டிலும் ஒரு முழம். மலையிலே இவ்வளவு மண்ணா என்று எனக்கே பெருமை தாங்கவில்லை. திங்கட்கிழமை காலை உன்னிடம்கூடக் காட்டாமல் நம் மேலதிகாரி சாருக்கு மெயில் போட்டேன். அவர் அதை அப்படியே கம்பெனிக்கு அனுப்பிவிட்டார்.

பத்து மணிக்கு நீ என் முதல் பையைச் சல்லடையில் கொட்டினாய். 'மேல்மண், ஒரு சாண்' என்று என் முத்துமுத்தான கையெழுத்தில் சீட்டு. உள்ளேயிருந்து விழுந்தது அத்தனையும் சருகு. நடுவில் ஒரு மரவட்டை சுருண்டு கிடந்தது, உயிரோடு. அடுத்த பையிலும் சருகு. அதற்கடுத்ததிலும் சருகு.

"இன்னாடி இது? மண்ணு கேட்டா நாட்டு மருந்துக் கடையவே கொண்ணாந்திருக்கே!"

"குழியில மேல இருந்ததைத்தான் எடுத்தேன்."

"டேப்போட நுனிய எங்க வச்சே?"

"கால் வச்ச எடத்துல."

"சருகு மேலயா?"

"ஆமா."

அவ்வளவுதான். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாய். "மோன் தியே! மோன் தியே!" என்று பிரெஞ்சில் கடவுளைக் கூப்பிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாய். சருகும் மக்கிய இலையும் ஒரு சாண், மண் ஒரு சாண், இரண்டையும் சேர்த்து முழமாக்கியிருக்கிறேன்! கூடவே நானும் சிரித்தேன். அப்புறம்தான் மெயில் ஞாபகம் வந்தது. அடுத்த வாரம் என்னை நிரந்தரமாக்குவதாகப் பேச்சு. புருஷன் இல்லாத வீடு, பள்ளிக்கூடம் போகிற மகள், அந்த ஒரு கையெழுத்துக்காக இரண்டு வருஷம் காத்திருந்தவள் நான்.

"பின்பக்கம் செம்மண்ணு கெடக்குதே, பையில ரொப்பிடலாமாடி?" என்று கேட்டேன். எழுதவே இப்போது வெட்கமாக இருக்கிறது.

உன் சிரிப்பு நின்றுவிட்டது. "உன் முழத்தை நம்பி பொக்லைன் ஏறும். முதல் வேலையா சருகைத்தான் வழிக்கும். அந்த ஒரு சாண் சேர எத்தினி தலைமுறை ஆச்சோ, ஒரே மழையில போயிடும். போய் சொல்லிடு."

"வேலை போயிடும்டி. நீயே சார்கிட்ட பக்குவமா சொல்லேன்."

"மாட்டேன். கூட வரேன். வாய் உன்னுது."

கல்நெஞ்சக்காரி என்று மனசுக்குள் உன்னைத் திட்டிக்கொண்டே சார் அறைக்குப் போனேன். பக்கத்தில் நீ தூண் மாதிரி நின்றாய். நான் திக்கித் திணறிச் சொல்லி முடித்ததும் சார் எழுந்து கத்தினார். கத்தி முடித்துவிட்டு நம் எதிரிலேயே கம்பெனிக்குப் போன் போட்டு, வண்டியை ஏற்ற வேண்டாம் என்றார். வேலை போகவில்லை. நிரந்தரம் மட்டும் ஆறு மாசம் தள்ளிப்போனது. இரண்டு நாள் நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் மறுபடியும் மலை. பேசக்கூடாது என்று சபதம் எடுத்துக்கொண்டுதான் ஏறினேன். நீயா விடுவாய்? பகேத் ரொட்டியை நெடுக்கப் பிளந்து, உள்ளே கருவாட்டுத் தொக்கைத் தடவிக் கொண்டுவந்திருந்தாய். அதன் வாசனைக்கு என் சபதம் அரை மணி நேரம் தாங்கியதே பெரிசு. சருகை ஒதுக்கி, மண் தொடங்குகிற இடத்தில் டேப்பை வைத்து எட்டுக் குழியையும் திரும்ப அளந்தேன். எல்லாம் ஒரு சாண், இரண்டு குழியில் அதுவும் இல்லை. அடியில் பாறை.

"இத்துனூண்டு மண்ணுல இம்மாம் பெரிய மரம் எப்பிடிடி நிக்குது?" என்று கேட்டேன். ஒரு மரத்தடிக்குக் கூட்டிப்போய், பாறை வெடிப்பில் கையை விடச் சொன்னாய்.

"பாம்பு இருந்தா?"

"இருந்தா அதுவும் உன் அளவு தப்புன்னுதான் சொல்லும். விடுடி."

முழங்கை வரைக்கும் போனது. உள்ளே சில்லென்று ஈரமண், அதற்குள் விரல் தடிமனில் வேர்கள் எங்கேயோ கீழே இறங்கிப் போயின. வெயிலில் நின்றுகொண்டு கையை எடுக்க மனசே வரவில்லை. அவ்வளவு சந்தோஷமான நாள் என் வாழ்க்கையில் அதிகம் இல்லை. கம்பெனிக்காரர்கள் சரிவை விட்டுவிட்டு அடிவாரத்துச் சமவெளியில் மரம் நட்டார்கள்.

உன் அடக்கப் பூசையன்று சர்ச் வாசலில் எல்லோரும் ஒரே பேச்சு. தங்கமான மனுஷி, யார் மனசையும் நோகடிச்சதில்லை என்றார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. "என்னை நோகடிச்சா. ரெண்டு நாள் அழ வச்சா" என்றேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மரவட்டை உட்பட முழுக் கதையையும் சொன்னேன். பாரீஸிலிருந்து வந்திருந்த உன் தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். "அக்கா வீட்லயும் இப்பிடித்தான்" என்றான்.

இப்போது அறிக்கைகளில் கையெழுத்துப் போடுவது நான். போன மாசம் ஒன்றில் ஒரு குழியின் அளவை மாற்றி எழுதி அனுப்பிவிட்டேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை. பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது எனக்கே உறைத்தது. பாதி வழியில் இறங்கிக் கூடத்துக்கே திரும்பினேன். பயம் போயிருக்கும் என்று நினைக்காதே. அதே சார் அறை வாசலில் இரண்டு தடவை செருப்பைக் கழற்றி மாட்டினேன். அப்புறம் உள்ளே போய், "சார், தப்பு என்னுது" என்றேன்.

சார் நிமிர்ந்தார். முதலில் என்னைப் பார்க்கவில்லை, என் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.