போர்வைக்குப் பின்னால் இரண்டு ஜோடி ஸ்பீக்கர்

ஜூன் 3

மாமா இடுப்பு உயரத்துக்கு ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்கி வந்திருக்கிறார். ஒவ்வொன்றையும் தூக்க இரண்டு ஆள். விலையைக் கட்டிய மனைவியிடமே, என் அக்காவிடமே, இன்னும் சொல்லவில்லை. கூடத்தில் வைத்தால் சத்தம் குழம்புகிறதாம், தனி அறை வேண்டுமாம். இந்த வீட்டில் இருப்பதே மூன்று அறை: அவர்கள் அறை, அக்கா தைக்கிற அறை, நான் தூங்குகிற அறை.

"தையல் மெஷினைக் கூடத்துக்கு மாத்திடலாம்" என்றார். அக்கா வாயில் குண்டூசி.

என் அறைப் பக்கம் யாரும் பார்க்கவில்லை. காலேஜை விட்டு ஏழு மாதமாக ஒண்டிக்கொண்டிருப்பவளை எழுப்ப மனசு வரவில்லை போல.

ஜூன் 4

மாமா பாட்டுப் போட்டார். பாடுகிறவர் குரலைச் சுற்றிக் காற்று இருக்கிறதாம், கேட்கச் சொன்னார். ஃபேன் ஓடுது மாமா என்றேன். சாப்பாட்டுத் தட்டோடு ஸ்பீக்கர் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஜூன் 6

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். என் கம்ப்யூட்டரோடு வந்த சின்ன ஸ்பீக்கரும் இதுவும் ஒன்றுதான், கண்ணுக்குத்தான் வித்தியாசம் என்று சொல்லிவிட்டேன்.

"காலேஜைப் பாதியில விட்டவ சத்தத்தைப் பத்திப் பேசுறா."

"காலேஜைத்தான் விட்டேன். காதையும் அங்கேயேவா விட்டுட்டு வந்தேன்?"

பந்தயம் உறுதியானது. இரண்டு ஜோடியையும் போர்வைக்குப் பின்னால் மறைத்துப் பத்து தடவை மாற்றி மாற்றிப் போடுவேன். பெரியது எது, சின்னது எது என்று எட்டு தடவையாவது அவர் சரியாகச் சொல்லவேண்டும். தவறினால் ஸ்பீக்கர் திரும்பப் போகும். திருப்பித் தரக் கடைக்காரர் பதினைந்து நாள் கெடு கொடுத்திருக்கிறார். அக்கா அறை தப்பும். சரியாகச் சொல்லிவிட்டால் நான் மறுபடி காலேஜ்.

அதுவரை தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்த அக்கா அப்போதுதான் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். நிஜமாவா என்று மட்டும் கேட்டாள்.

ஜூன் 8

இரண்டு ஜோடிக்கும் ஒரே சுவிட்ச் செய்துவிட்டேன். கூடவே ஒன்று கண்டுபிடித்தேன்: எது துளி கூடுதல் சத்தமோ, அதுதான் நல்ல ஸ்பீக்கர் என்று காது நம்பிவிடுகிறது. என்னை வைத்தே பரிசோதித்தேன். நானே ஏமாந்தேன்.

ஜூன் 9

சின்னதைத் துளி கூட்டி வைத்தேன். மாமா பத்துக்கு மூன்று. சின்னது பாடும்போதெல்லாம் கண்ணை மூடி, குரல் முன்னால வந்து நிக்குது, இதான் பெரிசு என்று தலையாட்டினார். போர்வைக்கு மேல் தலை தெரிய நின்ற நான் சிரிப்பை அடக்குவதற்குள் உயிர் போய்விட்டது.

காது குத்தியாச்சு.

பிறகு அவர் ஸ்பீக்கர் வந்த அட்டைப்பெட்டியைத் தேடி எடுத்தார். அந்த முகம் — ஃபெயில் என்று ரிசல்ட் பார்த்துவிட்டுப் பஸ் ஜன்னலில் நான் பார்த்த என் முகம்.

ஜூன் 11

திருப்பிக் கொடுக்கப்போகிற ஸ்பீக்கரை எதற்குத் துடைக்கவேண்டும்? அதுவும் தன் பனியனால்? மனுஷன் பாவமா இல்ல? சின்னதின் சத்தத்தைக் கூட்டி வைத்ததைச் சொல்லித் தொலைத்துவிட்டேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். பனியனை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அப்ப கடைக்காரனும் என்கிட்ட இதைத்தான் பண்ணிருப்பானோ?"

நாளைக்கு மறுபடி. போனில் சத்தத்தை அளந்து, இரண்டும் ஒரே அளவு. ஆனால் அவருக்குத் தன் காது மேல் நம்பிக்கை போய்விட்டது. அவர் தவறினால் அக்கா சொல்லட்டும், அவள் சொல்வதே முடிவு என்றார். உடனே ஒப்புக்கொண்டேன். நாள் பூராவும் மெஷின் சத்தம் கேட்கிற காது. போதாததற்குப் பறிபோகப்போவது அவள் அறை. தெரிந்தாலும் தப்பாகத்தானே சொல்வாள்?

ஜூன் 12

மாமா பத்துக்கு ஐந்து. காசு சுண்டிப் போட்டிருந்தாலும் அதுதான் வந்திருக்கும்.

அக்கா பத்துக்குப் பத்து.

ஒரு சட்டைக்குப் பட்டன் தைத்தபடியே, மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை, "சின்னது." இன்னொரு பார்வை, "பெரிசு." மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷம் இப்படி ஒரு காதோடு குடும்பம் நடத்தியிருக்கிறேனே என்றார்.

எனக்குத்தான் தலை சுற்றியது. எப்படி? நிஜமாகவே வித்தியாசம் இருக்கிறதா? நான்தான் செவிடா? அக்காவைத் தேடிப் போனேன். என் அறையில் இருந்தாள்.

"எனக்கு என்னடி கேக்கும்? போர்வை ஸ்பீக்கரை மறைச்சுது, உன் மூஞ்சியை மறைக்கலையே. சின்னதைப் போடறப்பல்லாம் உதட்டைக் கடிச்சே."

"அது ஏமாத்து வேலைக்கா."

"நீ சத்தத்தைக் கூட்டலாம், நான் மூஞ்சியைப் பாக்கக் கூடாதா?"

"அப்ப உன் அறை?"

அளவு டேப்பின் ஒரு முனையை என் கையில் கொடுத்தாள். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு எதிர்ச் சுவர்வரை போனாள்.

"உன் கட்டில் போயிட்டா ஸ்பீக்கர் ரெண்டும் இங்கேயே தாராளமா நிக்கும்."

சொந்தச் செலவில் சூனியம். சுவிட்ச் கூட நான் செய்ததுதான்.

ஜூன் 13

அக்கா பெட்டியை எடுத்து வெயிலில் காயவைத்திருக்கிறாள். என் பெட்டி.

ஆகஸ்ட் 20

ஹாஸ்டல். அறைத்தோழி போனை எவர்சில்வர் டம்ளருக்குள் வைத்துப் பாட்டுக் கேட்கிறாள். இதுக்கு மேல என்ன வேணும் என்கிறாள். இந்தத் தடவை நான் வாயைத் திறக்கவில்லை.

மாமா போன் செய்தார். என் கட்டில் இருந்த இடத்தில் குரல் அப்படியே நிற்கிறதாம். லீவுக்கு வந்து கேட்கவேண்டுமாம். வருகிறேன், சின்னதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் என்றேன்.

லேபில் மூன்று வாரமாக ஒரு சுவிட்ச் செய்துகொண்டிருக்கிறேன். எந்த ஸ்பீக்கரைப் போடுவது என்று தானே முடிவு செய்து தானே மாற்றிக்கொள்ளும். எது பாடுகிறது என்று எனக்கே தெரியாது.

அதற்கு மூஞ்சியும் கிடையாது, உதடும் கிடையாது.