கடைசிப் பக்கத்தில் பதினான்கு பெயர்கள்

அலபாமா,
ஜனவரி 10

அன்புள்ள தம்பி ஹோசியாவுக்கு,

கர்த்தர் கிருபையால் நான் நலம். முழங்கால் மட்டும் நலமில்லை. கோழித் தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் ஈரத்தில் நின்றால் யார் முழங்கால்தான் நன்றாக இருக்கும்?

நீ கேட்ட நாவலை ஒடெஸாவின் புத்தகக் கடையிலிருந்து நேற்று அனுப்பியாயிற்று. கடையிலிருந்து நேராக வரும் புதுப் புத்தகத்தைத்தான் சிறைக்குள் விடுகிறார்கள், இல்லாவிட்டால் என் பிரதியையே அனுப்பியிருப்பேன். அதில் பாதிப் பக்கம் வெண்ணெய்க் கறை என்பது வேறு விஷயம்.

பள்ளிக்கூடத்தில் நமக்குக் கொடுத்த கதைகள் நினைவிருக்கிறதா? வெள்ளைக்காரப் பிள்ளைகள், அவர்கள் வீட்டு நாய். நம் ஆள் என்றால் சமையலறையில் ஒருத்தி. நாய்க்குப் பெயர் உண்டு, அவளுக்குக் கிடையாது. அதனாலேயே ஐம்பது வயது வரைக்கும் புத்தகம் என்றால் காத தூரம் ஓடினேன். இந்த நாவலை எழுதியவள் நம்மைப் போல் ஒரு கறுப்புப் பெண். துணி வெளுத்துப் பிழைக்கும் மூன்று பேரின் கதை. அதில் ஒருத்தி, சபைக்குக் கிளம்புமுன் அடுப்பில் காய்ச்சிய இரும்புச் சீப்பால் மகளின் சுருட்டை முடியை நீவி நேராக்கும்போது காதைச் சுட்டுவிடுகிறாள். நான் என் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். பஸ் என்றும் பார்க்காமல் அழுதேன். புத்தகத்துக்குள் நாமும் இருக்கிறோம் என்று எனக்கு யாரும் முன்பே சொல்லவில்லையே தம்பி.

அங்கே சாப்பாட்டுக்குப் பிறகு ஏழு பேருக்கு நீ சத்தமாக வாசிக்கிறாயே, அவர்களுக்கும் இதை வாசி. எழுத்துத் தெரியாத அந்த ரூஃபஸ் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்துவிட்டு, “அப்புறம் அவ என்னதான்டா ஆனா, சொல்லித் தொலையேன்” என்று கேட்டதைப் போனில் சொன்னாயே, வயிறு வலிக்கச் சிரித்தேன்.

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் பார். நம் குடும்ப வேதாகமத்தின் முன்பக்கத்தில் இருக்கும் பெயர்களை அப்படியே எழுதச் சொல்லியிருக்கிறேன். பதினான்கு பேர். அம்மா குறித்துவைத்ததைப் போலவே அடிமைகளாக விற்கப்பட்டவர்களுக்கு வட்டம், இறந்தவர்களுக்குச் சிலுவை, பக்கத்தில் வருஷம். ஒடெஸா, “எதையும் கிறுக்கக் கூடாதுக்கா, சிறைக்காரன் ஒத்துக்க மாட்டான்” என்றாள். “எங்க பாட்டன் பூட்டன் பேரு உனக்குக் கிறுக்கலாடி?” என்று ஒரு பிடி பிடித்தேன். எழுதிக் கொடுத்துவிட்டாள்.

ஏப்ரல் 14 விசாரணைக்கு முன் யாரோடும் வம்புக்குப் போகாதே. உன்னை வெளியே விடுவதா வேண்டாமா என்று பார்க்கிறவர்கள் நீ தும்மினால்கூட எழுதிவைப்பார்கள்.

உன் அக்கா,
வெர்னெல்

* * *

பிப்ரவரி 21

தம்பி ஹோசியா,

மூன்று வாரமாக உன்னிடமிருந்து போன் இல்லை. சனிக்கிழமை இரண்டு பஸ் மாறி வந்தேன். வாசலில் இருந்த காவலர் ஒரு தாளைப் பார்த்துவிட்டு, “தனிக்கொட்டடியில இருக்கான். பாக்க முடியாது, போ” என்றார். என்ன தப்பு என்று கேட்டேன். “அவனையே கேளு” என்றார். உன்னைப் பார்க்க விடாதவர் உன்னையே கேட்கச் சொல்கிறார். என்ன நியாயமோ!

யாரை அடித்தாய்? இத்தனை சொல்லியும் கையை அடக்க முடியவில்லையா? இருபத்தேழு வயதில் அந்தக் கடைக்காரரின் ஒரு கண் போனதற்கு நீ இருபத்திரண்டு வருஷம் கொடுத்தாயிற்று. அது நியாயம் என்று நீயே சொல்கிறாய். இனியும் உள்ளே கிடப்பது யாருக்காக? போன தடவை விசாரணையில் உன் விடுதலையை ஐந்து வருஷம் தள்ளிப் போட்டார்கள். அந்த ஐந்து வருஷத்தில்தான் அம்மா போனாள். கடைசி வாரத்தில் கதவு சத்தம் கேட்டாலெல்லாம் உன் பெயரைத்தான் சொன்னாள். உனக்குச் சொல்லக் கூடாது என்று இருந்தேன். கோபத்தில் சொல்லிவிட்டேன்.

ஒரு வரியாவது எழுது.

வெர்னெல்

* * *

மார்ச் 17

என் கண்ணான தம்பிக்கு,

இதைச் சிறைப் பாதிரியாரின் கையில் கொடுத்து அனுப்புகிறேன். படித்ததும் அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடு. பாவம், அவருக்கு வேலை போய்விடும்.

முதலில் என்னை மன்னித்துவிடு. நீ யாரையும் அடிக்கவில்லை என்று பாதிரியார் சொன்னார். உன்னைத் தனிக்கொட்டடியில் தள்ளியது நான். அந்தக் கடைசிப் பக்கத்தை ரவுடிக் கும்பலின் ஆள் பட்டியல் என்று எழுதியிருக்கிறார்கள். வட்டமும் சிலுவையும் சங்கேதக் குறிகளாம். நீ ஏழு பேரைக் கூட்டிவைத்து வாசிப்பது கும்பலுக்கு ஆள் சேர்ப்பதாம். ஒடெஸா சொன்னபோது நான் வாயை மூடியிருக்கலாம். எனக்குத்தான் என் வாய் அடங்காதே.

வேதாகமத்தைப் பையில் போட்டுக்கொண்டு சிறை அதிகாரியிடம் போனேன். பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு பெயராகக் காட்டினேன். இது டைனா, பிறந்த வருஷம் தெரியாது, 1851இல் விற்கப்பட்டவள். இது அவள் மகன் ஐசம். இது எங்கள் அம்மா. அவர் பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு, “இதையெல்லாம் நீங்க ஜெயிலுக்குள்ள அனுப்பியிருக்கக் கூடாதும்மா” என்றார். எழுதச் சொன்னது நான்தான் என்று எழுதிக் கொடுத்தேன். அதற்குப் பலனாக, உன்னைப் பார்க்க வருகிறவர்களின் பட்டியலிலிருந்து என் பெயரை அடித்துவிட்டார்கள். நீ உள்ளே இருக்கும்வரை இனி நான் வர முடியாது.

அவர்கள் உனக்கு நீட்டிய தாளைப் பற்றிப் பாதிரியார் சொன்னார். அந்தப் பக்கம் கும்பல் பட்டியல் என்று ஒத்துக்கொண்டு, இனி யாருக்கும் வாசித்துக் காட்ட மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டால் ஏப்ரல் 14 விசாரணை நடக்கும். இல்லையென்றால் மறுபடி ஐந்து வருஷம். நீ தாளைத் தள்ளிவிட்டாயாமே. “அதுல இருக்கிறது எங்காத்தா பேரு. அவங்களக் கும்பல்னு சொல்ல என் கை வராது” என்றாயாமே. கேட்டதும் எனக்குப் பெருமையில் நெஞ்சு நிறைந்தது. வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் பயம் பிடித்தது.

தம்பி, கையெழுத்துப் போட்டுவிடு.

நம்மைப் பற்றி நாம் எழுதினதைப் படி, படி என்று உன்னைப் பிடித்துத் தள்ளியவளே இதைச் சொல்கிறாளே என்று நினைக்காதே. படித்ததை அவர்களால் உன் தலைக்குள்ளிருந்து பிடுங்க முடியாது. ரூஃபஸ் பெயருக்கு, எதுவும் எழுதாத வேறொரு பிரதியை ஒடெஸா அனுப்பியிருக்கிறாள். அவர் இப்போது எழுத்துக் கற்றுக்கொண்டு, கூட்டிக் கூட்டிப் படிக்கிறாராம். ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம் ஆகிறதாம். மற்றவர்கள் திட்டிக்கொண்டே காத்திருக்கிறார்களாம். வாசிப்பு நடக்கும், நீ இல்லாவிட்டாலும் நடக்கும்.

டைனாவை விற்றபோது அவளுக்கே சொந்தமில்லாதவள் என்று தாளில் எழுதினார்கள். அந்தத் தாளையும் தாண்டித்தான் அவள் பெற்றாள், வளர்த்தாள். உன் கையெழுத்தால் அவள் குறைந்துவிட மாட்டாள். பொய் சொன்ன பாவம் யாருக்காவது சேர வேண்டுமென்றால் என் தலையில் சேரட்டும். நான் அதற்குக் கணக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

வெளியே வந்து, ஏன் கையெழுத்துப் போடச் சொன்னாய் என்று என்னோடு சண்டை போடு. வருஷக்கணக்கில் போடு. ஐந்து வருஷம் கழித்து வந்தால் சண்டை போட நான் இருப்பேனா என்று எனக்குத் தெரியாது.

கர்த்தர் அந்தப் பேனாவை உன் கையில் வைத்து, உன் கையைத் தம் கையால் பிடித்து எழுத வைப்பாராக.

உன் அக்கா,
வெர்னெல்