ராகவனுக்குச் சொன்ன நாள்

ஆவணி 3, செவ்வாய்

காலையில் தூறல். மாடியில் போட்ட துணி மறுபடி நனைந்தது. வாங்க வேண்டியவை: குளியலறை பல்பு, பிரஷர் மாத்திரை, சிவப்பு மை பேனா.

ஊர் வாசகசாலையிலிருந்து கூட்ட நோட்டீஸ் வந்தது. 'உடலும் மனமும்: புதிய ஆய்வு என்ன சொல்கிறது?' வெள்ளி மாலை, கல்யாண மண்டபம். பேசுபவர் பேராசிரியர் முனைவர் ராகவன், சென்னை. பட்டம் இரண்டு, புகைப்படம் ஒன்று. அடியில் பொடி எழுத்தில், நன்றியுரை: திரு. சேகர். நான் சந்திரசேகர். இருபத்து மூன்று வருடமாக ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் உளவியல் நடத்துகிறேன். வாசகசாலைக்காரர்களுக்கு அது 'திரு'.

எம்.ஏ. படிக்கும்போது ரா.வும் நானும் ஒரே அறை. முதல் மதிப்பெண் எனக்கு. ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டது அவனை. என் குறிப்புகளைப் படித்துத்தான் அவன் பரீட்சை எழுதினான். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, மனைவி கமலாவைத் தவிர. அவளிடம் பல முறை.

அவள் சமையலறையில் அவன் வீடியோ. தூக்கத்தைப் பற்றி. குக்கர் விசில் வந்தால் நிறுத்துகிறாள், அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து போடுகிறாள்.

"இதையேதான் பத்து வருஷமா நானும் சொல்றேன்."

"நீங்க சொன்னா திட்டற மாதிரி இருக்குதுங்க. அவரு சொன்னா செஞ்சு பாக்கலாம்னு தோணுது."

ஆவணி 4, புதன்

வெயில். மதியம் கரன்ட் இல்லை.

ரா.வின் கட்டுரையை மூன்றாவது முறை படித்தேன். நம் ஊர் நெசவாளர்களைப் பற்றியது. முதுகுவலி எதிர்பார்த்ததைவிடக் குறைவு, மனம் அமைதி, சீரான கைவேலை காரணமாக இருக்கலாம். இங்கிலீஷ் சுத்தமாக இருக்கிறது. அதுதான் எரிச்சல்.

கமலாவின் அண்ணன் வீட்டில் இரண்டு தறி. அவரால் எழுந்தவுடன் நிமிர முடியாது. சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார்.

போனில் போன வருடச் செய்தியைத் தேடி எடுத்தேன். அவன்: "சேகர், நெசவாளர்கள் வீட்டில் நிதானமாகப் பேசக் கிடைக்கும் நாள் எது?" நான்: "அமாவாசை."

ஒரே வார்த்தை. பொய் இல்லை. அமாவாசையன்று இந்த ஊரில் தறி ஓடாது. அன்றைக்கு மதியம் சாப்பிட்டுத் தூங்கி எழுந்தவனிடம் போய், 'இன்று முதுகு எப்படி, மனம் எப்படி' என்று காகிதத்தை நீட்டினால் என்ன சொல்வான் என்பது அப்போதே எனக்குத் தெரியும். அவன் அதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

வெள்ளியும் அமாவாசை. கூட்டம் சேரட்டும் என்று வாசகசாலைக்காரர்களே பார்த்து வைத்தது. ஊர் முழுக்க முன்னால் இருக்கும். ஒரே ஒரு கேள்வி போதும்.

ஆவணி 5, வியாழன்

கேள்வியை ஒன்பது விதமாக எழுதினேன். கடைசி வடிவம்: "தகவல் திரட்டிய நாள் எது என்று பேராசிரியர் தெரிவிக்க முடியுமா?" பணிவான குரல். அவன் தேதி சொன்னதும் நான் காலண்டர் சொல்வேன். கண்ணாடி முன் இரண்டு முறை.

வெள்ளைச் சட்டை இஸ்திரிக்குப் போயிற்று. கமலா: "யாருக்குக் கல்யாணம்?"

பல்பு மறந்துவிட்டது.

ஆவணி 6, வெள்ளி

மண்டபம் நிறைந்துவிட்டது. அவனுக்கு இன்னும் தலைமுடி இருக்கிறது.

நன்றாகப் பேசினான். எழுதத்தான் வேண்டும். கவலை சிக்கல் விழுந்த நூல் மாதிரி, அவசரப்பட்டு இழுத்தால் இறுகும் என்றான். பெரியவர்கள் தலையாட்டினார்கள். வகுப்பில் நான் சொல்லும் உவமை. என் வகுப்பில் யாரும் தலையாட்டியதில்லை.

கேள்வி நேரம். கை தூக்கினேன். மைக் என்னிடம் வரும் வழியில் பெண்கள் வரிசையில் நின்றுவிட்டது. எழுந்து நின்றவள் கமலா.

"சார், போன வருஷம் எங்கண்ணன் வீட்டுக்கு உங்க ஆளுங்க வந்தப்போ நானும் இருந்தேன். அன்னிக்கு அமாவாசை. இன்னிக்கும் அமாவாசை, அதான் எல்லாரும் இங்க வந்து உக்காந்துக்கினு இருக்கோம். நாளைக்குத் தறியில இருக்கும்போது வந்து கேளுங்க. முதுகு கதைய அப்ப சொல்லுவாங்க."

மண்டபமே சிரித்தது. பின்னாலிருந்து ஒருவர்: "அமாவாசைல கேட்டா எனக்கு வயசுகூட கம்மிதான்பா."

ரா. காகிதம் எடுத்து எழுதிக்கொண்டான். "உங்க பேர் என்னம்மா?"

"கமலா."

"கமலாம்மா சொல்றது சரி. அந்த நாளை முடிவு பண்ணது நான். விசாரிக்காதது என் தப்பு. திருத்தம் எழுதுவேன், திரும்ப வந்து கேப்பேன்."

கைத்தட்டல். பேச்சுக்கு விழுந்ததைவிடப் பெரிது. தப்பை ஒப்புக்கொண்டதற்கு. நான் இருந்த பக்கம் அவன் திரும்பவே இல்லை.

நன்றியுரையில் என்ன சொன்னேன், நினைவில்லை. ஒலிபெருக்கிக்காரரை விட்டுவிட்டேன்.

ஆட்டோவில் கமலா: "நாளு அவரா வெச்சாரு? அமாவாசையன்னிக்கு வரச் சொல்லியிருக்கேன்னு நீங்கதானே அன்னிக்கு சொன்னீங்க."

ஆட்டோவுக்குச் சில்லறை எண்ணினேன்.

"காட்டிக் குடுக்கலையே அந்த மனுஷன்."

ஆவணி 8, ஞாயிறு

புழுக்கம். நேற்று எழுதவில்லை.

ரா.வின் செய்தி: "மறுபடி வருகிறேன், சேகர். இந்த முறையும் நாள் நீதான் சொல்ல வேண்டும்." குத்தலா, நம்பிக்கையா? நாலு முறை படித்தேன். குத்தல் என்றால் நிம்மதி.

'தீபாவளிக்கு மறுநாள்' என்று அடித்தேன். அழித்தேன். 'கடைசி வாரம், புதன்' என்று அடித்தேன். தோளுக்கு மேலே கமலா.

"பத்து மணிக்கு மேலன்னு சேத்துப் போடுங்க. அதுக்கு முன்ன தெருவுல பாவு நீட்டிக்கினு இருப்பாங்க, நூல விட்டுட்டு யாரு பேசுவா?"

சேர்த்தேன். அனுப்பினேன். உடனே பதில்.

"நன்றி. உன் கமலாவுக்கும்."

கல்யாணத்துக்கு அவனை நான் கூப்பிடவில்லை. மண்டபத்தில் அவள் என் பெயரைச் சொல்லவில்லை. அவள் என் மனைவி என்று அவனுக்கு யார் சொன்னது?

சமையலறையில் அவன் குரல். குக்கர் விசில். நிறுத்தினாள்.