ரெண்டே பெடல்

என்னங்க,

நேர்ல சொன்னா பேச்சை மாத்திடுவீங்க, அதான் எழுதுறேன். என் இடது கால் முடங்கின விபத்துக்கு அப்புறமும் நம்ம பழைய ஸ்போர்ட்ஸ் காரை எனக்காகத் துடைச்சுத் துடைச்சு வைக்கிறீங்க. அதோட கிளட்ச் கல்லு மாதிரி இருக்கும்னு உங்களுக்கே தெரியும்.

இன்னைக்கு ஷோரூம்ல ரெண்டு கதவு வச்ச புது கூபே கார் ஓட்டிப் பார்த்தேன். ரெண்டே பெடல், கிளட்ச் கிடையாது, இடது காலுக்கு வேலையே இல்லை. பக்கத்துல இருந்த விற்பனைக்காரர், "மெதுவா போங்க மேடம்"னு சீட்டை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டார். "பன்னிரண்டு வருஷம் ரேஸ் ஓட்டினவ சார் நான்"னேன். அப்புறம்தான் மனுஷன் சீட்டை விட்டார்.

பழசு மாதிரி இது உறுமலை, உடம்பை உலுக்கலை. ஆனா ஒவ்வொரு வளைவுலயும் நான் நினைச்ச கோட்டுலயே திரும்புச்சு. இறங்கினதும் அவர் என் ஊன்றுகோலை நீட்டினார். தலை நிமிர்ந்து வாங்கிக்கிட்டேன்.

புக் பண்ணிட்டேன். பழசை இனி நீங்க ஓட்டுங்க. முடிஞ்சா மலைப்பாதையில என்னை முந்துங்க.

உங்க வீட்டுக்காரி