குவைத்துக்குப் போனவள்

விழுப்புரம்
22.6.2024, சனிக்கிழமை

சேரன் அண்ணாவுக்கு,

'அன்புள்ள' என்று எழுதக் கை வரவில்லை. நலமா என்றும் கேட்கப்போவதில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய்.

இங்கே போன் கிடையாது. வந்த அன்றே வாங்கி உன்னிடம் கொடுத்துவிட்டார்கள். சனிக்கிழமை ஒரு கடிதம் எழுதலாம். வார்டன் லூர்துமேரி படித்துப் பார்த்துத்தான் தபாலில் போடுவார். படிக்கட்டும்.

மண்டகப்பட்டில் அம்மா வழுக்கி விழுந்துவிட்டாள் என்று சொல்லித்தானே என்னைக் காரில் ஏற்றினாய்? விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டியும் நீ ஊர்ப் பக்கம் திரும்பவில்லை. எங்கே போகிறோம் என்று கேட்டேன். "வண்டி ஓட்டிக்கினு இருக்கேன், பேச்சு குடுக்காத" என்றாய். இந்தக் கேட்டுக்கு முன்னால் நிறுத்தியதும் இரண்டு பெண்கள் என் கைகளைப் பிடித்துக்கொண்டார்கள். நீ பாரத்தில் 'கார்டியன்' என்று கையெழுத்துப் போட்டாய். எனக்கு வயது முப்பத்தாறு, அண்ணா. பதிமூன்று வருடம் நர்ஸ் வேலை பார்த்தவள்.

இது போதை மறுவாழ்வு இல்லமே இல்லை. வீட்டார் கைவிட்ட மனநோயாளிப் பெண்கள் பதினொரு பேர் இருக்கிறார்கள். நான் பன்னிரண்டாவது. ஊசியை நிறுத்தினால் உடம்பு என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரியும். நான்கு நாள் வாந்தி, பேதி, கால் நரம்பெல்லாம் முறுக்கிப் பிழிந்தது. டாக்டர் வரவில்லை. கஞ்சித் தண்ணீர் கொடுத்துக் கதவைப் பூட்டினார்கள்.

இதற்குப் பயந்துதான் ஏப்ரலில் நானே உன்னிடம் வந்தேன். "அண்ணா, என்னால நிறுத்த முடியல, முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரில சேத்து வுடு" என்று அழுதேன். நீ என்ன சொன்னாய்? "அங்க எங்க ஸ்கூல் பசங்களோட அம்மா அப்பால்லாம் வருவாங்க. வாத்தியார் தங்கச்சி இந்தக் கேசுன்னு தெரிஞ்சா நான் எப்டி கிளாசுக்குப் போறது?"

என்னை இங்கிருந்து எடுத்து அங்கே சேர். என் பிள்ளை ஆர்த்தியிடம் என்னைப் பற்றி என்ன சொல்லி வைத்திருக்கிறாய் என்றும் எழுது.

கலைப்பிரியா


திண்டிவனம்
28.6.2024

கலைப்பிரியாவுக்கு,

ஏப்ரலில் நீ கேட்டது உண்மை. நான் மறுத்ததும் உண்மை. மே மாதம் நடந்ததை மட்டும் வசதியாக விட்டுவிட்டாய். நான் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆர்த்தி போன் செய்தாள். "மாமா, அம்மா பாத்ரூம்ல இருந்து வெளிய வர மாட்டேங்குது. தண்ணி மட்டும் ஊத்திக்கினே இருக்குது." நான் வந்து கதவை உடைத்தேன். நீ ஈரத்தரையில் கிடந்தாய். தொடையில் ஊசி செருகியபடி இருந்தது. பதினொரு வயதுப் பிள்ளை என் முதுகுக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்தாள். அவள் அப்பா லாரியில் அடிபட்டுப் போய் நான்கு வருடம்தான் ஆகிறது. அன்று அம்மாவும் போய்விட்டாள் என்றே நினைத்தாள்.

மறுநாள் உன் நர்சிங் ஹோமில் கூப்பிட்டு விட்டார்கள். வலி ஊசி மருந்து பத்தொன்பது குப்பி காணவில்லை. என் மாணவன் வயதுள்ள மேனேஜர் முன்னால் நான் கைகட்டி நின்றேன். போலீஸ் வேண்டாம் என்று காலில் விழாத குறை. நீ இனி அந்த வாசலை மிதிக்கக் கூடாது, எங்காவது தங்கி வைத்தியம் பார்க்க வேண்டும் என்ற நிபந்தனையில் விட்டார்கள்.

நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதே. விழுப்புரம், திண்டிவனம், பாண்டி என்று ஏழு இல்லங்களுக்குப் போன் போட்டேன். எல்லா இடத்திலும் ஒரே பதில்: "ஜென்ட்ஸ் மட்டும்தான் சார்." பெண்ணைச் சேர்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டது அந்த ஓர் இடம்தான். உண்மையைச் சொன்னால் வந்திருக்க மாட்டாய். அதனால் பொய் சொன்னேன்.

ஆர்த்தியிடம் நீ குவைத்துக்கு வேலைக்குப் போயிருக்கிறாய் என்று சொல்லியிருக்கிறேன். அம்மாவுக்கும் அக்கம்பக்கத்துக்கும் அதேதான். உன் போனிலிருந்து தினமும் ஆர்த்திக்கு நானே மெசேஜ் போடுகிறேன். அவள் நிம்மதியாகப் பள்ளிக்கூடம் போகிறாள். மூன்று மாதம் வாயை மூடிக்கொண்டு இரு.

சேரன்


விழுப்புரம்
6.7.2024, சனிக்கிழமை

சேரனுக்கு,

இனி அண்ணா என்று எழுத மாட்டேன்.

நான் உயிரோடிருக்கும்போதே என் மகளுக்கு நீயே அம்மாவாகிவிட்டாய். அவளிடம் என்ன எழுதுகிறாய்? சாப்பிட்டாயா, படித்தாயா என்றா? அவள் பதிலுக்கு முத்தம் அனுப்பினால் அதையும் நீதானே வாங்கிக்கொள்கிறாய்? ஊசியால் நான் அவளுக்குச் செய்தது துரோகம். ஒப்புக்கொள்கிறேன். நீ செய்வதற்கு என்ன பெயர்?

இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு லூர்துமேரி, "இப்டி காட்டமா எழுதனீன்னா உங்க அண்ணன் உன்ன கூட்டிக்கினு போவ மாட்டாரும்மா. கொஞ்சம் தணிவா எழுது" என்றார். பாவம், நல்லதுக்குத்தான் சொன்னார். எழுத மாட்டேன் என்றுவிட்டேன்.

மருந்து நின்றதும் மனசு தெளிந்துவிட்டது. தெளிந்த மனசோடு இந்த அறையில் படுத்திருப்பது வேறு நரகம். நீ பத்தொன்பது குப்பி என்கிறாய். அது அவர்கள் எண்ணியது. எண்ண முடியாதது ஒன்று இருக்கிறது. கேள்.

மார்ச் மாதம் ஓமந்தூரிலிருந்து கண்ணையன் என்று ஒரு பெரியவர் வந்தார். மல்லாட்டை பிடுங்கப் போன காட்டில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு மூன்று நாள் அவருக்கு வலி ஊசி எழுதியிருந்தார் டாக்டர். பாதியை எனக்கு எடுத்துக்கொண்டேன். மீதியில் தண்ணீர் கலந்து அவருக்குப் போட்டேன். மூன்றாம் நாள் முழுசையும் நானே எடுத்துக்கொண்டு வெறும் தண்ணீரைப் போட்டேன். சார்ட்டில் 'கொடுக்கப்பட்டது' என்று கையெழுத்துப் போட்டேன். அவர் போட்ட கூச்சல் கீழ்த்தளம் வரைக்கும் கேட்டது. வயதானவர்களுக்கு வலி தாங்காது என்று டாக்டரிடம் நான்தான் சொன்னேன்.

லாரியில் அடிபட்ட என் புருஷனை நான் பார்க்கக் கூடாது என்று நீ பிணவறை வாசலில் தடுத்தாய். முதுகு வலி வந்தபோது வெளியே சொல்லாதே என்றாய்; அந்த வலிக்குத்தான் முதல் ஊசியைப் போட்டுக்கொண்டேன். உன் கூடவே வளர்ந்து மறைக்க நன்றாகக் கற்றுக்கொண்டேன். ஆனால் அந்தக் கிழவர் விஷயம் என் பாவம். அதில் உனக்குப் பங்கு கிடையாது.

இதை நான் வெளியே சொல்லப்போகிறேன்.

கலைப்பிரியா


திண்டிவனம்
14.7.2024

கலைப்பிரியாவுக்கு,

அந்தக் கிழவரைப் பற்றி நீ எழுதிய தாளைக் கிழித்து எரித்துவிட்டேன். உனக்குப் புத்தி கெட்டுப்போயிருக்கிறது. அது வெளியே வந்தால் நர்ஸ் பதிவு போகும். ஜெயிலுக்குப் போவாய். பிறகு ஆர்த்தியை எந்த ஊரில் யார் பெண் கேட்டு வருவார்கள்? அந்த மனுஷன் எழுந்து நடக்கிறானா, அத்தோடு விடு.

உனக்குச் சந்தோஷம் தரும் ஒரு செய்தி சொல்கிறேன். போன திங்கட்கிழமை நான் குளிக்கப் போயிருந்த நேரத்தில் ஆர்த்தி உனக்கு மெசேஜ் அனுப்பியிருக்கிறாள். என் பீரோவுக்குள் உன் போன் சத்தம் போட்டிருக்கிறது. மறுபடி அனுப்பினாள். மறுபடி சத்தம். நான் வெளியே வந்தபோது பீரோ முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"மாமா, குவைத்து உங்க பீரோவுலயா இருக்குது?" என்றாள்.

அறைந்துவிட்டேன். இருபது வருடத்தில் வகுப்பில்கூட ஒரு பிள்ளையைத் தொட்டதில்லை. அவள் அழவில்லை. உன் அண்ணிதான் அழுதாள். அன்றிலிருந்து அந்தப் பெண் என்னோடு பேசுவதில்லை. நான் இருக்கும் இடத்தில் சாப்பிட உட்காருவதில்லை. நீ எங்கே இருக்கிறாய் என்று அண்ணி அவளிடம் சொல்லிவிட்டாள்.

உன்னால் என் வீடு இப்படி ஆகிவிட்டது. செப்டம்பர் வரைக்கும் நீ அங்கேதான் இருக்க வேண்டும். இனி கடிதம் போடாதே.

சேரன்


விழுப்புரம்
13.8.2024

சேரனுக்கு,

இப்போது கையில் வேறு போன் இருக்கிறது. பேசினால் கத்திவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

ஜூலை பதினேழாம் தேதி அரசாங்க மனநல டாக்டரும் இரண்டு அதிகாரிகளும் அந்த இல்லத்தைச் சோதிக்க வந்தார்கள். "உங்க சம்மதத்தோடதான் வந்தீங்களாம்மா?" என்று டாக்டர் கேட்டார். "இல்ல டாக்டர். ஆனா வைத்தியம் வேணும். வேற எடத்துல குடுங்க" என்றேன். அன்று மாலையே முண்டியம்பாக்கத்தில் என் கையெழுத்தைப் போட்டு நானே சேர்ந்தேன். மூன்று வாரம் வார்டில் இருந்தேன். உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் அம்மா ஒருத்தி என்னை அடையாளம் கண்டுகொண்டு, ஒரு டம்ளர் டீ வாங்கி வந்து கொடுத்தாள். வேறொன்றும் நடக்கவில்லை.

இப்போது பெண்கள் விடுதியில் இருக்கிறேன். ஊசிக்கு மாற்றாக நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை. அதை வாங்க இரண்டு நாளைக்கு ஒரு முறை போக வேண்டும். பல மாதம் ஆகுமாம். ஆசை இன்னும் போகவில்லை. போகாமலும் இருக்கலாம் என்கிறார் டாக்டர்.

சனிக்கிழமை ஓமந்தூர் போனேன். கண்ணையன் வாசலில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். என்னைப் பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டார். "வாங்க நர்சம்மா" என்று மருமகளைக் கூப்பிட்டு நாற்காலி போடச் சொன்னார். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மருமகள் வாயில் சேலையை வைத்துக்கொண்டாள்.

பெரியவர் கேட்டார்: "நான் கத்திக்கினு கெடக்கறப்ப நீதான என் கையப் புடிச்சிக்கினு ஒக்காந்திருந்த?"

"ஆமாங்கய்யா."

"பெத்த பொண்ணுகூட இப்டி பாக்க மாட்டான்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு இருந்தேனே." அவ்வளவுதான். வாக்கரைத் திருப்பிக்கொண்டு உள்ளே போக ஆரம்பித்தார். அவர் வாசற்படி ஏற எத்தனை நேரம் ஆயிற்று தெரியுமா? உதவிக்குக் கை நீட்டினேன். "தொடாதம்மா" என்றார்.

மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் அதுவும் அவரிடம் ஏதோ பிடுங்குவது போல இருந்திருக்கும். நேற்று நர்சிங் ஹோமிலும் நர்சிங் கவுன்சிலுக்கும் நடந்ததை எழுதிக் கொடுத்துவிட்டேன். நீ கைகட்டி வாங்கிய மௌனம் எனக்கு வேண்டாம்.

இந்த உறைக்குள் ஆர்த்திக்கு ஒரு தனிக் கடிதம் ஒட்டி வைத்திருக்கிறேன். பிரிக்காமல் கொடு. முடியாது என்றால் திருப்பி அனுப்பு. எரிக்காதே.

கலைப்பிரியா


திண்டிவனம்
21.8.2024

கலைப்பிரியாவுக்கு,

திங்கட்கிழமை போலீஸ்காரர் ஒருவர் பள்ளிக்கூடத்துக்கே வந்து உன் முகவரி கேட்டார். ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் இருந்தார்கள். கொடுத்தேன். அவர் போன பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அம்மாவுக்கும் தெரிந்துவிட்டது. உன் பெயரை எடுக்கக் கூடாது என்கிறாள். என் பெயரையும்தான்.

நீ செய்தது சரியென்று நான் சொல்ல மாட்டேன். இனி இந்த வீட்டுக்கு வராதே. நானும் உன்னைத் தேடி வரமாட்டேன். கேஸ் நடந்தால் வக்கீலை நீயே பார்த்துக்கொள்.

ஆர்த்தியிடம் கடிதத்தைப் பிரிக்காமல்தான் கொடுத்தேன். கதவைச் சாத்திக்கொண்டு படித்தாள். நேற்று, ஒரு மாதத்துக்குப் பிறகு, என்னிடம் வந்து பேசினாள். "ஞாயித்துக்கெழம விழுப்புரம் கூட்டிக்கினு போங்க. பாக்க மட்டும்தான். அதுகிட்ட ஒரு வார்த்த பேச மாட்டேன். அத முன்னாடியே எழுதிடுங்க."

எழுதிவிட்டேன்.

25-ஆம் தேதி காலை பத்து மணி, விழுப்புரம் புது பஸ் ஸ்டாண்ட், திண்டிவனம் பஸ் நிற்கும் இடம். நான் பஸ்ஸை விட்டு இறங்க மாட்டேன். அவள் மட்டும் இறங்குவாள். எவ்வளவு நேரம் நிற்பாள் என்று எனக்குத் தெரியாது. அவளைக் கட்டிப்பிடிக்கப் பார்க்காதே.

இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

சேரன்