அமிலம் ஒட்டிய குடுவை

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

நேற்று இங்கே ஒரு சின்ன விஷயம். ஆய்வகத்தில் நான் அக்கா என்று கூப்பிடும் மூத்த மாணவி ஆறு வாரம் பாடுபட்டு, நைட்ரஜன் உட்பட மூன்றே அணுக்களை நெருக்கி வளையமாக்கிய சேர்மம் ஒன்றைச் செய்திருந்தார். துளி அமிலம் பட்டாலும் அந்த வளையம் பிய்த்துக்கொண்டு திறந்துவிடும். அதைக் கழுவி வைத்திருந்த ஒரு குடுவைக்கு மாற்றியதும் சூடேறி, மொத்தமும் பிசினாகிவிட்டது. யாருக்கும் காயமில்லை.

குடுவையை அமிலத்தில் கழுவியவன் நான். பிறகு ஒட்டியிருக்கும் அமிலம் போகக் காரத்தில் அலச மறந்துவிட்டேன்.

"இத நீதானடா கழுவின?"

"இல்லக்கா."

"அப்ப என் கைராசி அவ்ளோதான்" என்று சிரித்தார். பேராசிரியரிடமும் தன் தவறென்றே சொல்லிவிட்டார்.

அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உண்மையைச் சொல்ல இப்போது பேராசிரியர் அறைக்குப் போகிறேன்.

என் பழைய போர்வையை அனுப்புங்கள். ஆய்வக முகவரி வேண்டாம்; இனி அங்கே என்னை வைத்திருப்பார்களோ என்னவோ. நான் தங்கியிருக்கும் அறைக்கே அனுப்புங்கள்.

அவசரத்துடன்,
சின்னவன்