கல்லூரியிலிருந்து போன் வந்தால்

அம்மா,

இன்று காலை பதினொரு மணிக்கு நான் படித்த கல்லூரியிலிருந்து உனக்கு போன் வரும். நான் எடுக்காததால் உன்னைக் கூப்பிடுகிறார்கள். போன வருடம் முடித்தவர்களில் எத்தனை பேர் வேலைக்கோ மேற்படிப்புக்கோ போனார்கள் என்பதும் கல்லூரிகளின் தேசியத் தரவரிசைக்குக் கணக்காகும். சொந்தக்காரர்களிடம் சொல்வதுபோல், நான் எம்.எஸ்சி. படிப்பதாகச் சொல்லாதே. "ஒரு வார்த்தை கூட்டிச் சொன்னா யாருக்குடி நஷ்டம்?" என்று நேற்றுக் கேட்டாய். கீழ்வீட்டு அனுப்ரியா அந்தத் தரவரிசையைப் பார்த்துத்தான் காலேஜ் தேடுகிறாள். நான் வீட்டில்தான் இருக்கிறேன் என்றே சொல்.

நைட் ஷிஃப்ட் முடித்து வந்த உன்னை எழுப்பவில்லை. அப்பாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப் போகிறேன். பிசிபேளே பாத் குக்கரில் இருக்கிறது, சூடாக்கிச் சாப்பிடு. தேவராஜ மார்க்கெட்டில் காய் வாங்கி வருகிறேன்.

மாலினி

இதையும் எழுதிவிடுகிறேன். எம்.எஸ்சி. சீட் கிடைக்கவில்லை என்று உன்னிடம் சொன்னேன். கிடைத்தது, அம்மா. அப்பாவுக்கு டயாலிசிஸ் தொடங்கிய அதே வாரம்.